யார் விரல்?

"சார், ரிவால்வர் நல்லதா... பிஸ்டல் நல்லதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கையில் பேப்பர், இன்னொரு கையில் காபி டம்ளர். வாசலில் வந்து நின்றவர் கேட்ட முதல் கேள்வி இது. மிக்ஸி வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் விசாரிப்போமே, அதே தொனி!

எங்கள் தெருக்காரர்தான். வேலூர் பக்கம் கிராமம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது. ஆனால், மூத்த பெண் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், இளையவள் ப்ளஸ் டூ. இந்த ஒரு வரியிலேயே அந்த வீட்டின் பட்ஜெட் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"என்னங்க, திடீர்னு துப்பாக்கி?"

"வேலைக்கு சார்."

நகையும் வட்டியுமாகத் தொழில் செய்கிற ஒரு பெரிய மனிதர் கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே பணம் போகும், நகை வரும். காரில் கூடவே உட்கார ஆள் வேண்டும். சும்மா வந்தால் ஒரு சம்பளம். சொந்தக் கைத்துப்பாக்கி, லைசென்ஸ் சகிதம் வந்தால் மாதம் ஆறாயிரம் கூடுதல். அந்த ஆறாயிரம்தான் அவரை என் வாசல் வரை அழைத்து வந்திருக்கிறது.

"இதைப் போய் என்கிட்ட கேக்கறீங்களே... நீங்கதான் மிலிட்டரி!"

"மிலிட்டரில நான் தூக்குனது ரைஃபிள் சார். இன்சாஸ். கைத்துப்பாக்கி ஆபீசருங்க இடுப்புல இருக்கும். நான் தொட்டதுகூட கிடையாது. இதான் ஃபர்ஸ்ட் டைம். நீங்க பத்திரிகைக்காரர், நாலு பேரை விசாரிச்சு சொல்வீங்கன்னு..."

நான் படித்தது பி.காம். பற்று, வரவு, ஐந்தொகை தெரியும். துப்பாக்கி என்று நான் கையில் எடுத்தது மெரினாவில் பலூன் சுடத்தான். அதிலும் ஒரு பலூன்கூட உடைந்ததில்லை. ஆனால், பத்திரிகைக்காரனுக்கு 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கம் இல்லையே. 'ஒரு வாரம் டைம் கொடுங்க' என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியில் ஆரம்பித்து நான் எங்கேயோ போய் நின்றுவிட்டேன். நீங்களும் கூட வாருங்கள்.

* * *

முதலில், சினிமாவில் பார்க்கிற துப்பாக்கிகள் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். ஹீரோ இடுப்பில் செருகிக்கொண்டு வரும் 9 எம்.எம். பிஸ்டல் உங்களுக்கும் எனக்கும் கிடையாது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் ரகங்கள் நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட ரகங்கள். 9 எம்.எம்., .38, .45 எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது .32. கான்பூர் அரசுத் தொழிற்சாலை தயாரிக்கும் ரிவால்வர் ஊரறிந்த சரக்கு. 2014-ல் பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்று அரை கிலோ எடையில் ஒரு ரிவால்வரை அங்கே வெளியிட்டார்கள். அன்றைய விலை சுமார் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய். யார் கைப்பையில் அந்தப் பணம் இருக்கும் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

சரி, ரிவால்வரா, பிஸ்டலா? விஷயம் தெரிந்த ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ரிவால்வரில் உருளை ஒன்று சுழலும். வழக்கமாக ஆறு தோட்டா. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால், மறுபடி விரலை அழுத்தினால் போதும். உருளை சுற்றி அடுத்த தோட்டா முன்னால் வந்து நிற்கும். எளிமை, ஆனால் பருமன். பிஸ்டல் தட்டையானது. சட்டைக்குள் தெரியாது, தோட்டாவும் அதிகம் பிடிக்கும். ஆனால், நடுவில் சிக்கிக்கொண்டால் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டோம் என்று நினைக்கும்போது, குழலுக்குள் ஒரு தோட்டா காத்திருக்கும். துடைக்கும்போது வெடித்தது என்று செய்தி வாசிக்கிறோமே, அதில் பாதி அந்த ஒற்றைத் தோட்டாவின் கைங்கரியமாக இருக்கலாம்.

"புதுசா வாங்குற ஆளா? ரிவால்வர் எடுக்கச் சொல்லுங்க. மறந்து போறதுக்கு அதுல விஷயம் கம்மி" என்றார் அவர்.

அதோடு என் வேலை முடிந்தது. எழுந்திருக்கப் போனேன். சும்மா ஒரு கேள்வி கேட்டு வைத்தேன். "இதை வெச்சு ஒருத்தரைக் குறி பார்த்துச் சுடறது ஈஸியா?"

அவர் சிரித்தார். ஒரு பேப்பரை எடுத்துக் கோடு போட்டார். குழல் குட்டையானது. தோளில் சாய்க்க வழியில்லை. மணிக்கட்டுதான் ஆதாரம். மணிக்கட்டு ஒரே ஒரு டிகிரி பிசகினால், பத்து மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 17 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். ஒரு சாண்! அமைதியாக, அட்டைக்கு முன்னால் நின்று சுடும்போதே ஒரு டிகிரி பிசகும். எதிரே ஒருவன் அரிவாளோடு ஓடி வரும்போது? பின்னால் பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் நிற்கும்போது?

"பழகணும் சார். மாசாமாசம் சுட்டுப் பழகணும். ஆனா, தோட்டா விலை என்ன தெரியுமா? அதுவும் லைசென்ஸ்ல எழுதியிருக்கிற கணக்குக்கு மேல வாங்க முடியாது. நிறைய பேர் துப்பாக்கி வாங்கின அன்னிக்கு சுட்டதோட சரி."

இங்கேதான் எனக்குள் ஏதோ நெருடியது. எங்கள் ஹவில்தாருக்கு மாதம் ஆறாயிரம் கூடுதலாகக் கொடுக்கப் போகிறவர், அவர் சுட்டுப் பழகுவதற்குக் கொடுக்கவில்லை. வைத்திருப்பதற்குக் கொடுக்கிறார்.

* * *

நம் பேங்க் வாசல்களை நினைத்துப் பாருங்கள். பச்சை ஸ்டூல். அதில் ஒரு பெரியவர். தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. நாம் பணம் எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அவரைப் பார்க்கிறோம். மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி. அந்த நிம்மதிதான் அங்கே விற்பனைச் சரக்கு. துப்பாக்கி அதன் பேக்கிங்.

இதில் தப்பென்ன என்று கேட்பீர்கள். சுடாமலே திருடனைத் தடுக்கிற துப்பாக்கி நல்ல துப்பாக்கிதானே? நம் ஊர் எல்லையில் ஐயனாரும் கருப்பசாமியும் ஓங்கிய அரிவாளோடு நிற்கிறார்கள். எந்தக் காலத்திலும் அந்த அரிவாள் இறங்கியதில்லை. ஆனாலும் ஊர் பயப்படுகிறது. அதுதானே காவல்?

நியாயம்தான். ஆனால், கருப்பசாமிக்கு ஒரு வசதி இருக்கிறது. அவரை யாரும் திருப்பிச் சுட முடியாது!

ஆயுதத்தைக் காட்டுவது என்பது ஒரு வாக்குறுதி. 'நீ இந்தக் கோட்டைத் தாண்டினால் உன்னைச் சுடுவேன்' என்பதுதான் அந்த வாக்குறுதி. அதை நிறைவேற்ற உங்களுக்கு மனமில்லை என்றால், அது பொய். சாதாரணப் பொய் சொன்னால் முகம் சிவக்கும், அவ்வளவுதான். இந்தப் பொய்க்கு விலை அதிகம். கொள்ளைக்குத் துணிந்து வருகிறவன் முதலில் யாரைச் சாய்ப்பான்? நிராயுதபாணியான கேஷியரையா, துப்பாக்கிக்காரரையா? இடுப்பில் தொங்குகிற ரிவால்வர் கேடயம் இல்லை. 'முதலில் என்னைக் கவனி' என்று எழுதி மாட்டிய போர்டு.

சரி, பொய் வேண்டாம். உண்மையிலேயே சுடத் தயார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், துப்பாக்கி வாங்குகிற அன்றே, கடை கவுன்ட்டரில் நிற்கும்போதே, ஒரு முடிவை எடுத்தாகிவிட்டது. 'முன்பின் பார்த்திராத ஒரு மனிதனை, இன்னொருவருடைய பணத்துக்காக நான் கொல்லலாம்' என்ற முடிவு. பில்லில் அது எழுதப்படுவதில்லை. ஆனால், அதுவும் சேர்த்துத்தான் விலை.

* * *

இன்னொருவருடைய பணத்துக்காக! இந்த இடத்தில் என்னுள் இருக்கும் பி.காம். விழித்துக்கொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வேன்களுக்கு 2018-ல் மத்திய உள்துறை அமைச்சகம் விதிகள் கொண்டு வந்தது. ஒரு டிரைவர், ஆயுதம் தாங்கிய காவலர்கள் இரண்டு பேர், பணத்துக்குப் பொறுப்பானவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு நடைக்கு ஐந்து கோடிக்கு மேல் ஏற்றக் கூடாது. நகரத்தில் ராத்திரி 9 மணிக்கு மேல் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. நல்ல விதிகள்.

அந்த ஐந்து கோடி பறிபோனால் என்ன ஆகும்? பணத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. பெட்டியில் இருக்கும்போது, வழியில் போகும்போது என்று தனித்தனியாகவே பாலிசி இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். அந்த நஷ்டம் ஆயிரக்கணக்கான பிரீமியங்களில் பரவிக் கரைந்துவிடும். அடுத்த வருஷ ஐந்தொகையில் சுவடே இருக்காது. காவலர் இறந்தால்? இழப்பீடு கொடுப்பார்கள். ஆனால் கரையாது. ஒரு வீட்டில் மட்டும் அப்படியே நிற்கும். கொள்ளையடிக்க வந்தவன் இறந்தால்? அவனுக்கும் ஒரு வீடு உண்டு. அங்கேயும் நிற்கும்.

பணம் திரும்ப வரும் பொருள். உயிர் திரும்ப வராத பொருள். திரும்ப வருவதைக் காப்பாற்ற, திரும்ப வராததைப் பணயம் வைப்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தப்பான பதிவு.

2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு ரயிலில் 342 கோடி ரூபாய் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பல வங்கிகளில் சேர்ந்த பழைய, நைந்த நோட்டுகள். ரிசர்வ் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தவை. கூடவே ஆயுதம் தாங்கிய போலீஸ் காவல், அடுத்த பெட்டியில். திருடர்கள் என்ன செய்தார்கள்? கதவுப் பக்கமே வரவில்லை. ரயில் பெட்டியின் கூரையில் ஓட்டை போட்டு இறங்கி, 5.78 கோடியை அள்ளிக்கொண்டு போனார்கள். ரயில் எழும்பூர் வந்து சேர்ந்த பிறகுதான் விஷயமே தெரியும். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. மத்தியப் பிரதேசத்துக் கும்பல் என்று 2018-ல் பிடித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த ராத்திரி ஒரு காவலர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருந்தால்? இருட்டில் இரண்டு பக்கமும் உயிர் போயிருந்தால்? கந்தலாகிக் கழிவுக்குப் போகிற காகிதத்துக்காகப் போயிருக்கும்! அதில் ஐநூறு, ஆயிரம் நோட்டுகள் எவ்வளவு இருந்தனவோ, அவை மூன்றே மாதத்தில், நவம்பர் 8 ராத்திரியில், செல்லாக் காசாகிவிட்டன. இதைத்தான் 'பொருள்' என்று பெயர் வைத்துக் காக்கிறோம்.

நம் தென்மாவட்டங்களில் அந்தக் காலத்தில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஊரைக் காக்கிறவருக்கு ஊர் நெல்லும் பணமும் கொடுக்கும். திருட்டுப் போனால்? காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அந்த நஷ்டத்தை அவரே ஈடு கட்ட வேண்டும். அந்த முறையில் அடாவடியும் இருந்தது, மிரட்டிப் பிடுங்கலும் இருந்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், ஒரு விஷயத்தில் அந்தக் கணக்கு நேராக இருந்தது. மாடு போனால் மாட்டின் விலை. பொருளுக்குப் பொருள். காவல்காரரின் உயிரை யாரும் மாட்டின் விலையாக எழுதவில்லை.

* * *

இப்போது நீங்கள் என்னை மடக்குவீர்கள். 'அப்படியானால் கொள்ளைக்காரன் வந்தால் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட வேண்டுமா? கேஷியர் பெண்ணின் கழுத்தில் கத்தி வைத்தால்?'

சரியான கேள்வி. இந்தக் கேள்விக்கு அஹிம்சையின் பெயரைச் சொல்லி நழுவவும் முடியாது. காந்தியே நழுவவில்லை. 1920-ல் தன் 'யங் இந்தியா' பத்திரிகையில், கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றுதான் வழி என்றால் வன்முறையையே சொல்வேன் என்ற கருத்தை எழுதினார். வள்ளுவர் கொல்லாமைக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கினார். அதே கையால் படைச்செருக்குக்கும் ஒரு அதிகாரம் எழுதினார். ஆயுதம் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட நம் பெரியவர்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

சட்டமும் அப்படித்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமையைப் பற்றிய பிரிவுகள். உங்கள் உயிரை மட்டுமல்ல, அடுத்தவர் உயிரையும் சொத்தையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொள்ளையைத் தடுக்கும்போது எதிராளியின் உயிர் போனாலும் அது குற்றமாகாத நிலைமைகள் உண்டு. ஆனால் கடிவாளமும் கூடவே இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு துளி தீங்குகூடச் செய்யக் கூடாது. பயம் நீடிக்கிற வரைதான் உரிமையும் நீடிக்கும். பையைப் பறித்துக்கொண்டு, யாரையும் மிரட்டாமல் ஓடுகிறவனின் முதுகில் குண்டு பாய்ந்தால், கோர்ட்டில் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

ஆக, விடை இதுதான்: பணத்துக்காகச் சுடாதே, உயிருக்காகச் சுடலாம். பேப்பரில் எழுத எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால், இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? நீதிபதிக்கு வருஷக்கணக்கில் கிடைக்கும். உங்களுக்கும் எனக்கும் இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கிற வரை கிடைக்கும். அந்த மனிதருக்கு? கண் சிமிட்டும் நேரம்.

அந்த நேரத்தில் தப்பு நடக்குமா? நடந்திருக்கிறது. நம் மீனவருக்கே நடந்திருக்கிறது. 2012 பிப்ரவரி 15. கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். கடற்கொள்ளையர் பயத்தால் அதில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் காவலுக்கு இருந்தார்கள். 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகு பக்கத்தில் வந்தது. கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லம், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டம். சுட்டவர்கள் பச்சை ஸ்டூல் பெரியவர்கள் இல்லை. ஒரு நாட்டின் பயிற்சி பெற்ற ராணுவத்தினர். இரண்டு நாடுகளின் வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. கடைசியில், 2021 ஜூனில் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது. ஒன்பது வருஷம். சுட எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு இருந்திருக்கும்?

நம் ஊரில் பாதுகாப்பு நிறுவனங்களுக்காக 2005-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் மாதிரி விதிகள் 2006-ல். புதிதாக வருகிற காவலருக்கு நூறு மணி நேர வகுப்பு, அறுபது மணி நேரக் களப் பயிற்சி, குறைந்தது இருபது வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினர் என்றால் அதுவும் சுருக்கம். நாற்பது மணி நேர வகுப்பு, பதினாறு மணி நேரக் களப் பயிற்சி, ஏழு நாட்கள். தீயணைப்பது, கூட்டத்தைச் சமாளிப்பது, அடையாள அட்டை பார்ப்பது எல்லாம் இதற்குள்ளேதான். இதில் கண் சிமிட்டும் நேரத்துக்கு எத்தனை மணி ஒதுக்க முடியும்?

* * *

அடுத்த ஞாயிறு ஹவில்தார் வந்தார். நான் சேகரித்த கதையை எல்லாம் கொட்டினேன். ரிவால்வர், பிஸ்டல், ஒரு சாண் பிசகு, இன்ஷூரன்ஸ், இத்தாலிக் கப்பல். பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"சார், பார்டர்ல இருந்தப்ப ராத்திரி பூரா விரல் டிரிகர் பக்கத்துலயே இருக்கும். ஆனா சுடறதுக்கு ஆர்டர் வரணும். ஆர்டர் குடுக்கறவருக்கு மேல ஒருத்தரு. அவருக்கு மேல ஒருத்தரு. நாளைக்கு விசாரணை வந்தாலும் 'நான் சொன்னேன், அவன் சுட்டான்'னு சொல்ல ஒரு ஆபீசர் இருப்பாரு. இங்க யாரு சார் இருக்கா? ஆர்டரும் நானே, விரலும் நானேன்னா..."

அவர் முடிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்கச் சுற்றி நான் தேடியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

கைத்துப்பாக்கி தனி மனிதனின் ஆயுதம். பட்டாளம் ரைஃபிளைக் கொடுக்கும்போது கூடவே ஒரு வரிசையையும் கொடுக்கிறது. மேலே அதிகாரி, பக்கத்தில் தோழன், பின்னால் ஒரு நாடு. பாவமோ புண்ணியமோ, பங்கு போட்டுக்கொள்ள ஆள் உண்டு. இங்கே முதலாளி பங்கு போட்டுக்கொள்வது லாபத்தை மட்டும்தான். பாவம் முழுக்க விரலுக்குச் சொந்தக்காரருக்கு.

லைசென்ஸைப் பாருங்கள். அதிலும் இந்த விளையாட்டு இருக்கிறது. நிறுவனம் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி, காவலரின் பெயரை அதில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அப்போது துப்பாக்கிக்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால், 'சொந்தத் துப்பாக்கியோடு வா, கூடக் காசு தருகிறேன்' என்று சொல்லும்போது என்ன நடக்கிறது? விண்ணப்பத்தில் 'என் உயிரைக் காத்துக்கொள்ள' என்று எழுதி வாங்குகிற ஆயுதம், அடுத்தவர் பெட்டியைக் காக்க வாடகைக்குப் போகிறது. எங்கேயாவது வெடித்தால் லைசென்ஸ் அவருடையது, வழக்கு அவருடையது, ஜாமீனுக்கு அலைவது அவர் மனைவி. ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு மனிதரின் நேரத்தை வாங்கலாம். மனசாட்சியையும் அதே ரசீதில் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் அநியாயம்.

"ஒண்ணு செய்யுங்க. வேலையில சேர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க" என்றேன். "லைசென்ஸை அவர் பேர்ல எடுப்பாரா? மாசாமாசம் சுட்டுப் பழகற செலவு யாருடையது? நாளைக்கு நீங்க சுட வேண்டி வந்தா, வக்கீலை யார் வைப்பாங்க? எழுதிக் கேளுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார்.

* * *

பத்து நாள் கழித்து டீக்கடையில் பார்த்தேன். ரிவால்வரும் இல்லை, பிஸ்டலும் இல்லை. கையில் டார்ச் லைட்டும் விசிலும் இருந்தன. பக்கத்து அபார்ட்மென்ட்டில் இரவுக் காவல். சம்பளம் சுமார்தான்.

"என்னாச்சு?"

"கேட்டேன் சார். மூணையும் கேட்டேன். 'பிராப்ளம் பண்ற ஆளு நமக்கு வேணாம்'னுட்டாரு."

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். ஒரு நல்ல மனிதரை ஒரு பெரிய தப்பிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை. சொல்லப்போனால், அந்த நிமிஷமே இந்தக் கட்டுரையை முடிக்கும் வரிகூட மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால், அந்தப் பெருமைக்கு அவர் வீட்டில் மாதாமாதம் எவ்வளவு குறைகிறது என்பதையும் கணக்கில் எழுத வேண்டுமே... பெண்ணுக்கு அடுத்த செமஸ்டர் ஃபீஸ் என்ன செய்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

அவரே டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த கார்ல இப்ப ஒரு பையன் உக்காந்திருக்கான் சார். இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். இடுப்புல புது ரிவால்வர். நேத்து சிக்னல்ல பார்த்தேன், நம்மளைப் பார்த்துச் சிரிச்சான். அவன் ஒண்ணும் கேக்கல போலிருக்கு."

நான் ஒரு மனிதரின் விரலை எடுத்துவிட்டேன். துப்பாக்கி அங்கேயேதான் இருக்கிறது. இன்னும் இளசான ஒரு விரல் அதில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நண்பர்களே... நீங்கள் கடை வைத்திருக்கலாம். அபார்ட்மென்ட் சங்கத்தில் செயலாளராக இருக்கலாம். கம்பெனியில் செக்யூரிட்டி டெண்டரில் கையெழுத்துப் போடுகிறவராக இருக்கலாம். குறைந்தபட்சம், பேங்க் வாசலில் பச்சை ஸ்டூலைப் பார்த்து நிம்மதி அடைகிற என்னைப் போன்ற ஆளாகவாவது இருப்பீர்கள். அந்தப் பையன் கேட்காத மூன்று கேள்விகளும் அந்தரத்தில் அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கேட்டால் அவனுக்கு வேலை போய்விடும்.

நாம் கேட்டால் நமக்கு என்ன போய்விடும்?